கதை எப்படி இருக்கிறது?

உலகத்தில் பதில் சொல்லக் கடினமான கேள்விகள் எத்தனையோ உண்டு. அவற்றுள் மிகக் கடினமான ஒன்று, பார்வைக்கு மிகச் சாதுவான கேள்வி. நண்பர் ஒருவர் தாம் எழுதிய கதையை நமக்குப் படித்துக் காட்டுகிறார். கடைசித் தாளைக் கீழே வைத்துவிட்டு, மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "கதை எப்படி இருக்கிறது?" என்று கேட்கிறார்.

அவருடைய குரலில் ஓர் அலட்சியம் தொனிக்கும். அதை நம்பிவிடக் கூடாது. அந்த ஒரு நிமிஷத்தில் அவருடைய பிராணன் முழுவதும் காதுக்கு வந்து குடியேறியிருக்கிறது. நாமோ காபி டம்ளரைப் பார்க்கிறோம், கடிகாரத்தைப் பார்க்கிறோம், கடைசியில், "பேஷ்! ரொம்ப நன்றாக இருக்கிறது" என்று சொல்லிவைக்கிறோம். அவருக்குச் சந்தோஷம், நமக்கு நிம்மதி. இருவருக்கும் லாபம்போல் தோன்றுகிற இந்த வியாபாரத்தில் நஷ்டப்படுவது எது என்று கேட்டால், அந்தக் கதைதான்.

எழுத்தைத் தொழிலாகக் கொள்ளாமல் ஆசைக்காக எழுதுகிறவர்கள் நம்மிடையே ஏராளம். ஆபீஸிலிருந்து திரும்பிய குமாஸ்தா, பரீட்சைத் தாள்களைத் திருத்தி முடித்த உபாத்தியாயர், அடுக்களை வேலை ஓய்ந்து இரவு பத்து மணிக்குமேல் பேனாவைத் தொடும் குடும்பத் தலைவி என்று எத்தனையோ பேர். இவர்களுக்குச் சன்மானம் கிடையாது. பத்திரிகாசிரியர்கள் திருப்பி அனுப்பும் கதைகளுடன் காரணம் எழுதி அனுப்புவது மிக அபூர்வம். ஆகையால் தங்கள் எழுத்தின் குணதோஷங்களை அறிந்துகொள்ள இவர்களுக்கு இருக்கும் ஒரே வழி, தங்களைப் போலவே எழுதுகிற நாலு சிநேகிதர்கள்தாம். அந்த நாலு பேரும் தாட்சண்யத்துக்குக் கட்டுப்பட்டு உண்மையை விழுங்கிவிட்டால், அந்த மனிதர் பத்து வருஷம் எழுதினாலும் முதல் கதையில் செய்த பிழையையே பத்தாவது வருஷத்திலும் செய்துகொண்டிருப்பார்.

மொய் எழுதும் விமரிசனம்

எழுத்தார்வம் கொண்டவர்கள் சேர்ந்து நடத்தும் சங்கங்களில் ஒரு விசித்திரமான பழக்கத்தைக் காணலாம். இன்று இவர் கதை படிக்கிறார். அவர் "பிரமாதம்" என்கிறார். அடுத்த வாரம் அவர் கதை படிக்கிறார். இவர் "அபாரம்" என்கிறார். கலியாண வீட்டில் மொய் எழுதுவது போலத்தான்! நம் வீட்டு விசேஷத்துக்கு அவர் எத்தனை எழுதினார் என்று பழைய நோட்டைப் புரட்டிப் பார்த்து, அதற்குக் குறையாமல் நாம் எழுதிவிடுகிறோம். மொய்யினால் ஒரு கலியாணமாவது நடந்து முடிகிறது. புகழ்ச்சி மொய்யினால் ஒரு கதையும் தேறுவதில்லை.

மற்றொரு வகையினரும் உண்டு. உண்மையைச் சொல்லுவதாக எண்ணிக்கொண்டு எழுதியவரைக் குத்திக் கிழிப்பவர்கள் இவர்கள். "இதை எழுதியதற்குப் பதில் பஞ்சாங்கம் படித்திருக்கலாமே!" என்பார்கள். சபை சிரிக்கும். சொன்னவருக்குக் கெட்டிக்காரர் என்ற பெயர் கிடைக்கும். எழுதியவர் வீட்டுக்குப் போய் நோட்டுப் புத்தகத்தைப் பரண்மேல் போட்டுவிடுவார். சர்க்கரை விமரிசகராவது எழுதுகிறவரை எழுத விடுகிறார். இந்த மிளகாய் விமரிசகரோ பேனாவையே பிடுங்கிவிடுகிறார். இருவருக்கும் பொதுவான குணம் ஒன்று உண்டு. இருவருமே கதையைக் கவனமாகப் படிக்கவில்லை.

பழைய சபைகளின் வழக்கம்

எழுதியதைப் பிறர் முன்னிலையில் வைத்துக் குற்றங்களைக் களைந்துகொள்வது நமக்குப் புதிய வழக்கமன்று. தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியனுடைய அவையில், அதங்கோட்டாசான் என்பவர் கேட்க அரங்கேறியது என்று அந்நூலின் சிறப்புப்பாயிரம் கூறுகிறது. நூலாசிரியருடைய பெயரோடு, குற்றமறக் கேட்டவருடைய பெயரையும் சேர்த்துப் பாதுகாத்துவைத்தார்கள் நம் முன்னோர்கள். கேட்பவனுடைய பொறுப்பை அவர்கள் எவ்வளவு பெரிதாக மதித்தார்கள் என்பது இதனால் விளங்கும்.

சீத்தலைச் சாத்தனாரைப் பற்றி ஒரு கர்ண பரம்பரைக் கதை வழங்குகிறது. பிழையுள்ள பாடல்களைக் கேட்கும்போதெல்லாம் அவர் எழுத்தாணியால் தலையில் குத்திக்கொள்வாராம். அதனால் தலையில் புண் ஆறவே இல்லையாம். சீத்தலை என்பது ஓர் ஊரின் பெயர் என்று அறிஞர்கள் சொல்லி, இந்தக் கதையைத் தள்ளிவிட்டார்கள். போகட்டும். ஆனால் கதையில் ஒரு நயத்தைக் கவனிக்க வேண்டும். புலவர் குத்திக்கொண்டது தம்முடைய தலையில். பாடியவருடைய தலையில் அல்ல! பிறருடைய பிழை தமக்கு வலித்தது என்பதே இதன் பொருள். இந்த வலி இருக்கிறவருக்கே விமரிசனம் செய்யும் யோக்கியதை உண்டு.

அண்மைக் காலத்திலும் இம்மரபு அற்றுப்போகவில்லை. விமரிசனத்துக்கு முதலிடம் கொடுப்பதென்றே சி. சு. செல்லப்பா 1959-ஆம் ஆண்டில் 'எழுத்து' பத்திரிகையைத் தொடங்கினார். 1970-இல் சென்னையில் தோன்றிய 'இலக்கியச் சிந்தனை' அமைப்பு, அந்தந்த மாதத்துப் பத்திரிகைக் கதைகளைப் படித்துச் சிறந்த கதை ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வழக்கத்தை ஏற்படுத்தியது. முகத்துக்கு நேரே நண்பரிடம் சொல்லும் விமரிசனத்துக்கு ஓர் உதாரணம் வேண்டுமானால், கொஞ்சம் கடல் கடந்து போக வேண்டும்.

நான்கு நாள் வாசிப்பு

பிரான்ஸ் தேசத்தில் ரூவான் நகருக்கு அருகே, ஸேன் நதிக்கரையில், க்ரோய்ஸே என்று ஒரு சிற்றூர். 1849-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் அங்கே ஒரு வீட்டில் மூன்று இளைஞர்கள் கூடினார்கள். வீட்டுக்காரர் குஸ்தாவ் ப்ளாபேர். வயது 27. பெயர் சொல்லும்படியாக அதுவரை ஒன்றையும் வெளியிட்டதில்லை. மற்ற இருவர், கவிதை எழுதிவந்த லூயி பூயே. பிற்காலத்தில் பத்திரிகை நடத்திய மாக்ஸிம் து கான். மூவரும் ஆப்த நண்பர்கள்.

எகிப்தியப் பாலைவனத்தில் தவம் புரிந்த அந்தோணி முனிவருக்கு நேர்ந்த சோதனைகளைப் பற்றிப் ப்ளாபேர் பெரிய நூல் ஒன்றை எழுதி முடித்திருந்தார். அதைப் படிக்கக் கேட்கத்தான் நண்பர்களை வரவழைத்திருந்தார். முழுவதும் கேட்டு முடியும்வரையில் யாரும் ஓர் அபிப்பிராயமும் சொல்லக் கூடாது என்பது நிபந்தனை. நடந்ததைத் து கான் பின்னால் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதிவைத்திருக்கிறார். தினம் பகலில் நான்கு மணி நேரம், இரவில் நான்கு மணி நேரம். இப்படி நான்கு நாட்கள். மொத்தம் 32 மணி நேரம். நம் ஊரில் விடிய விடியத் தெருக்கூத்துப் பார்ப்பவர்கள்கூட அத்தனை நேரம் தொடர்ந்து உட்காருவார்களா என்பது சந்தேகமே!

அழகழகான வாக்கியங்கள் வந்துகொண்டே இருந்தன. ஆனால் கதை நகரவில்லை. நான்காம் நாள் நண்பர்கள் இருவரும் தனியே கலந்து பேசிக்கொண்டார்கள். ப்ளாபேருடைய வருங்காலமே இதைப் பொறுத்திருக்கிறது. ஆகவே மனத்தில் இருப்பதை மறைக்காமல் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தார்கள். நள்ளிரவில் வாசிப்பு முடிந்தது. "இதை நெருப்பில் போட்டுவிட்டு, மறுபடி இதைப் பற்றிப் பேசாமலே இருப்பது நல்லது" என்ற கருத்தில் பூயே சொன்னார். ப்ளாபேர் துள்ளிக் குதித்தார், கூக்குரலிட்டார். விவாதம் காலை எட்டு மணிவரை நடந்தது.

நண்பர்கள் பழியைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளவில்லை. கட்டற்றுப் பெருக இடம் கொடுக்கும் விஷயங்களை விட்டுவிட்டு, சாதாரண மனிதர்களின் அன்றாட வாழ்க்கையிலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளும்படி சொன்னார்களாம். ப்ளாபேருடைய தாயார் மட்டும் இவர்களை நெடுநாள் மன்னிக்கவில்லை என்கிறார் து கான். தம் பிள்ளையின்மேல் கொண்ட பொறாமையால் இப்படிச் சொல்லிவிட்டார்கள் என்று எண்ணிவிட்டாராம். தாயுள்ளம் எந்தத் தேசத்திலும் தாயுள்ளந்தானே?

பின்னால் நடந்தது என்ன? சில வாரங்களுக்குள் ப்ளாபேர் அதே து கானுடன் எகிப்துக்கு யாத்திரை கிளம்பினார். 1851-இல் திரும்பிவந்து, ஒரு நாட்டுப்புற வைத்தியருடைய மனைவியின் வாழ்க்கையை நாவலாக எழுதத் தொடங்கினார். ஏறக்குறைய 5 ஆண்டுகள் பிடித்தன. பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் பூயே க்ரோய்ஸேக்கு வருவார். எழுதிய பக்கங்களைப் ப்ளாபேர் படித்துக் காட்டுவார். இருவரும் சொல் சொல்லாக ஆராய்வார்கள். 1856-இல் பத்திரிகையிலும் 1857-இல் புத்தகமாகவும் வெளிவந்த அந்த நாவல்தான் 'மதாம் போவாரி'. உலக நாவல்களின் வரிசையில் அதற்குள்ள ஸ்தானத்தை நாம் சொல்ல வேண்டியதில்லை. நெருப்பில் போடச் சொன்ன அந்த லூயி பூயேக்கே ஆசிரியர் அந்த நாவலைக் காணிக்கையாக்கினார்.

சாட்சியா, நீதிபதியா?

"ஆகையால் விமரிசகர் சொல்வதே வேதவாக்கு" என்று நேயர்கள் முடிவு கட்டிவிட வேண்டாம். இந்தச் சரித்திரத்திற்கு மறு பக்கமும் இருக்கிறது. 'மதாம் போவாரி' பத்திரிகையில் வெளிவருவதற்கு முன்னால், அந்தப் பத்திரிகையை நடத்தியவர்களில் ஒருவரான து கான், நாவலில் வேண்டாத பகுதிகள் மலிந்துவிட்டன. கைதேர்ந்த ஒருவரைக்கொண்டு அவற்றை வெட்டிவிடலாம் என்று கடிதம் எழுதினார். ப்ளாபேர் இணங்கவில்லை. பத்திரிகையில் வெட்டப்பட்ட பகுதிகளைப் புத்தகத்தில் திரும்பச் சேர்த்தார். பின் வந்தவர்கள் ப்ளாபேரின் பக்கமே தீர்ப்பளித்தார்கள். நெருப்பில் போடச் சொன்ன அந்தோணி முனிவரையும் அவர் அடியோடு கைவிட்டுவிடவில்லை. திரும்பத் திரும்ப எழுதி, மிகவும் சுருக்கி, 1874-இல் வெளியிட்டார். அதே நண்பர் ஒரு தடவை சரியாகச் சொன்னார். ஒரு தடவை தவறாகச் சொன்னார். இரண்டு தடவையும் மனத்தில் பட்டதைச் சொன்னார்.

இதிலிருந்து நாம் தெரிந்துகொள்வது ஒன்று உண்டு. சிநேகிதருடைய கதைக்கு அபிப்பிராயம் சொல்கிறவர் நீதிபதி அல்லர், சாட்சி. "இந்தக் கதை தேறாது" என்பது தீர்ப்பு. அதைச் சொல்ல நாம் யார்? "மூன்றாவது பக்கத்தில் எனக்கு யார் பேசுகிறார்கள் என்று புரியவில்லை" என்பது சாட்சியம். அதை மறுக்க யாராலும் முடியாது. சாட்சி கண்டதைச் சொல்ல வேண்டும். முழுவதும் சொல்ல வேண்டும். காணாததைச் சேர்க்கக் கூடாது. தீர்ப்பை எழுதியவரே சொல்லிக்கொள்ளட்டும்.

எப்படிச் சொல்வது?

ஓர் உதாரணம் பார்க்கலாம். நண்பர் ஒருவர் இப்படி ஒரு கதை எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர், 30 வருஷத்துக்கு முன் தாம் கொடுக்கத் தவறிய கடிதம் ஒன்றைப் பழைய பையிலே கண்டெடுக்கிறார். அதை உரியவளிடம் சேர்த்துவிட வேண்டுமென்று புறப்படுகிறார். கதையின் முதல் பக்கம் முழுவதும் சூரியோதய வர்ணனை. முடிவில், அந்த அம்மாளின் வீட்டு வாசலில் தபால்காரர் லாரியில் அடிபட்டு இறந்துபோகிறார்.

சர்க்கரைக்காரர், "கண்ணில் ஜலம் வந்துவிட்டது, சார்" என்பார். மிளகாய்க்காரர், "லாரியை முதல் பக்கத்திலேயே விட்டிருக்கலாம்" என்பார். நேர்மையான நண்பர் சொல்ல வேண்டியது ஏறக்குறைய இப்படி இருக்கலாம்:

"பையிலிருந்து கடிதத்தை எடுத்தவர் அதைப் பிரிக்காமல் வேஷ்டி நுனியால் துடைக்கிறாரே, அந்த இடத்தில் அவரை எனக்குப் பிடித்துவிட்டது. கதை எனக்கு அங்கேதான் ஆரம்பித்தது. அதற்கு முந்திய சூரியோதயத்தை வேகமாகத் தாண்டி வந்தேன். பிறகு கடைசிவரையில், கதவைத் திறக்கும் அந்த அம்மாள் என்ன சொல்லப்போகிறாள் என்றே காத்திருந்தேன். லாரி வந்து அதைக் கேட்க முடியாமல் செய்துவிட்டது. எனக்கு வருத்தம் உண்டாகவில்லை; ஏமாற்றம் உண்டாயிற்று. நீங்கள் எண்ணியது வருத்தந்தானா?"

இதில் கடுமை ஒன்றும் இல்லை. ஆனால் பொய்யும் இல்லை. எழுதியவருக்கு மறுநாள் காலையில் செய்வதற்கு வேலையும் இருக்கிறது. இந்தப் பதிலைப் பகுத்துப் பார்த்தால் சில விதிகள் கிடைக்கும்.

முதலாவது, இரண்டு தடவை படிக்க வேண்டும். முதல் தடவை பென்சில் இல்லாமல், வெறும் வாசகராக. இரண்டாம் தடவை, எந்த இடத்தில் மனம் லயித்தது, எந்த இடத்தில் கொட்டாவி வந்தது என்று குறித்துக்கொண்டு.

இரண்டாவது, புகழ்ச்சியும் குறிப்பாக இருக்க வேண்டும். "நடை நன்று" என்பது யாருக்கும் பயன்படாது. வேஷ்டி நுனி நன்றாக இருந்தது என்றால், தம்முடைய பலம் எங்கே இருக்கிறது என்று எழுதியவருக்குத் தெரிந்துவிடுகிறது. குறையைச் சொல்லாமல் விடுவது போலவே, நிறையைச் சொல்லாமல் விடுவதும் பொய்ச் சாட்சியந்தான்.

மூன்றாவது, குறையைச் சொல்லலாம். பரிகாரத்தைத் திணிக்கக் கூடாது. "லாரியை எடுத்துவிட்டு, அந்த அம்மாள் அவருக்குக் காபி கொடுப்பதாக முடியுங்கள்" என்றால், அது நம்முடைய கதையாகிவிடும். நமக்கு அந்த ஆசை இருந்தால், நாமே ஒரு கதை எழுதிக்கொள்வதை யாரும் தடுக்கவில்லை.

நான்காவது, பெரியதை முதலில் சொல்ல வேண்டும். கூரை சரிந்து கிடக்கும்போது கோலத்தில் புள்ளி தவறியதைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை. முடிவே மாற வேண்டிய கதையில் ஒற்றுப் பிழைகளுக்கு அடுத்த தடவை இடம் கொடுக்கலாம்.

ஐந்தாவது, கேட்பவருக்கு என்ன வேண்டும் என்று தெரிந்துகொள்ள வேண்டும். பேரனுடைய முதல் பிறந்த நாளுக்காகப் பாட்டி எழுதிய கதையும், பத்திரிகைப் போட்டிக்கு அனுப்பப்போகும் கதையும் ஒன்றல்ல. முன்னதை வாங்கிப் படித்து மகிழ்வதே போதும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பேச்சு கதையைப் பற்றியதாகவே இருக்க வேண்டும். எழுதியவரைப் பற்றியதாக ஆகக் கூடாது. ருஷ்ய ஆசிரியர் செகாவ் இதற்கு நல்ல வழிகாட்டி. 1898-ஆம் வருஷம் டிசம்பரில், அப்போதுதான் பெயர் பெற்றுவந்த கார்க்கி தம் கதைகளைப் பற்றி அபிப்பிராயம் கேட்க, செகாவ் பதில் எழுதினார். முதலில், கார்க்கியிடம் இருப்பது ஐயத்துக்கு இடமில்லாத பெரிய திறமை என்று தெளிவாகச் சொன்னார். அப்புறம் குறைக்கு வந்தார். நாடக சபையில் அமர்ந்து, தன் ஆனந்தத்தை அடக்கமின்றி வெளிக்காட்டி, தானும் கேளாமல் பிறரையும் கேட்கவிடாமல் செய்யும் ரஸிகரைப் போல அவருடைய வர்ணனைகள் இருக்கின்றன என்றார். நம் சங்கீதக் கச்சேரிகளுக்குப் போகிறவர்களுக்கு இந்த உபமானத்தை விளக்க வேண்டியதில்லை! குறை எது என்பது பட்டென்று விளங்குகிறது; ஆனால் கேட்டவருக்கு மனம் உடையவில்லை.

கேட்டுக்கொள்பவரின் கடமை

கேட்கிறவருக்கும் கடமை உண்டு. "கதை எப்படி?" என்று கேட்டுவிட்டு, குறை சொல்ல வாயெடுத்தவுடனே, "அப்படியில்லை, அது என்னவென்றால்..." என்று ஆரம்பித்துவிடுகிறவர்கள் பலர். அமெரிக்காவில் 1936-இல் தொடங்கிய அயோவா சர்வகலாசாலையின் எழுத்தாளர் பயிலரங்கம் பிரசித்தமானது. அங்கே பரவிய முறையில், ஒருவருடைய கதையை மற்றவர்கள் விவாதிக்கும்போது, எழுதியவர் வாய் திறவாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். கொஞ்சம் கொடுமையாகத் தோன்றலாம். ஆனால் அதில் நியாயம் இருக்கிறது. கதை அச்சாகி ஊர் ஊராகப் போகும்போது, ஒவ்வொரு வாசகருக்கும் பக்கத்தில் நின்றுகொண்டு விளக்கம் சொல்ல ஆசிரியரால் முடியுமா? தாளில் இருப்பதுதான் கதை. தலையில் இருப்பது கதையன்று.

கேட்டுக்கொண்டதையெல்லாம் அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதில்லை. ஒருவர் சொன்னால் குறித்துக்கொள்ளலாம். மூவர் ஒரே இடத்தைச் சுட்டிக்காட்டினால் அந்த இடத்தில் ஏதோ இருக்கிறது. அவர்கள் சொல்லும் காரணம் தவறாக இருக்கலாம். இடம் பெரும்பாலும் தவறாக இராது. எதை மாற்றுவது, எதை விடுவது என்பது எழுதியவருடைய உரிமை. ப்ளாபேர் அந்த உரிமையை ஒரு தடவை விட்டுக்கொடுத்தார். ஒரு தடவை நிலைநாட்டினார்.

நட்பு என்ற அதிகாரத்திலே வள்ளுவர் பெருமான், கூடிச் சிரித்து மகிழ்வதற்காக மட்டும் ஏற்பட்டதல்ல நட்பு. நண்பன் வழி தவறும்போது முன்சென்று இடித்துரைப்பதற்காகவும் ஏற்பட்டது என்ற கருத்தைச் சொல்லியிருக்கிறார். நண்பருடைய நடத்தையில் இதைக் கடைப்பிடிக்கத் துணியும் நாம், நண்பருடைய கதையில் மட்டும் ஏன் பின்வாங்க வேண்டும்?

ப்ளாபேரின் கதை அவரோடு முடியவில்லை. பூயே 1869-இல் காலமானார். அந்தப் பிரிவைப் ப்ளாபேரால் தாங்க முடியவில்லை. பிற்பாடு, பால்ய சிநேகிதியின் மகனான ஓர் இளைஞர் தம் எழுத்துக்களைக் கொண்டுவந்து அவரிடம் காட்டலானார். ப்ளாபேர் எல்லாவற்றையும் படித்தார். ஞாயிறுதோறும் உணவு மேஜையில் குற்றங்களை எடுத்துச் சொன்னார். அவசரப்பட்டு அச்சிட விடவில்லை. 7 ஆண்டுகள் இப்படி நடந்ததாக அந்த இளைஞரே பிற்காலத்தில் எழுதினார். அந்த இளைஞர்தான் மாப்பஸான். 1880-ஆம் ஆண்டு அவர் எழுதிய 'கொழுப்பு உருண்டை' என்று பொருள்படும் 'பூல் து ஸ்விப்' கதையைப் படித்த ப்ளாபேர், இது அமர கிருதி என்று மனமார வாழ்த்தினார். அடுத்த சில மாதங்களுக்குள், மே 8-ஆம் தேதி, அவர் கண்ணை மூடினார். அத்தனை வருஷம் குறை சொன்னவர் வாயிலிருந்து வந்த அந்த ஒரு வாழ்த்துக்கு என்ன விலை இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

நம் வீட்டுத் திண்ணைகளிலும் வாசகசாலைகளிலும் கதை படித்துக் காட்டுகிறவர்கள் எல்லோரும் ப்ளாபேரோ மாப்பஸானோ ஆகிவிடப்போவதில்லை. ஆக வேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் ஒருவர் பகலெல்லாம் உழைத்துவிட்டு, தூக்கத்தைத் தியாகம் செய்து எழுதிய பத்துப் பக்கங்கள், மற்றொருவருடைய ஒரு மணி நேரத்தையும் ஓர் உண்மையான வார்த்தையையும் பெறத் தகுதியுடையவை. அடுத்த தடவை யாராவது கதையைக் கொண்டுவந்தால், பென்சிலைத் தேடி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். "ரொம்ப நன்றாக இருக்கிறது" என்று சொல்வதற்கு முன், எந்த இடம் என்று உங்களையே ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள்.